கொக்கிவால் இல்லை என்று எழுதியவளுக்கு

மார்ச் 9

என் வீட்டுக்காரரின் தங்கைக்கு,

'அன்புள்ள' என்று ஆரம்பிக்கக் கை வரவில்லை. போனில் கேட்டிருக்கலாம். போனில் என்றால் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய், பிறகு உன் அண்ணன் நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பார். ஊரார் வாயையெல்லாம் திறக்கவைக்கிற பல் டாக்டர், நம் விஷயத்தில் மட்டும் தன் வாயைத் திறப்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

நேற்று குவாரி விசாரணைக் குழுவின் ஆபீசுக்குப் போயிருந்தேன். பாறைச் சரிவை உடைக்க அனுமதி கேட்டிருக்கிறார்களே, அந்த மனுவின் நகலைப் பார்க்க. குவாரிக்காரனின் வக்கீல் இணைத்திருந்த காகிதங்களில் நடுநாயகமாக இருந்தது உன் கட்டுரை. நீ எனக்கு அனுப்பவில்லை. எதிராளியின் ஃபைலில் இருந்துதான் நான் படிக்க வேண்டியிருந்தது, ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு கிளார்க் வாட்சைப் பார்த்துக்கொண்டே நிற்க.

கொக்கிவால் தனி இனம் இல்லையாம். ஓடை ஓரமெல்லாம் காசித்தும்பைபோல மண்டிக் கிடக்கிற நீள்வால் பால்சத்தின் இன்னொரு தோற்றம்தானாம். ஒரே ஒரு வரி. நான் பெயர் வைத்த அந்தச் செடிக்காகச் சரிவில் ஏறி இறங்கி முழங்காலைத் தேய்த்துக்கொண்டதெல்லாம் உனக்கு ஒரு வரி.

உனக்குத் தெரியாததா? உலகத்திலேயே அந்த ஒரு சரிவில்தான் கொக்கிவால் இருக்கிறது. அது தனி இனமாக இருக்கும்வரை அந்தப் பாறையில் யாரும் கை வைக்க முடியாது. அது வெறும் நீள்வால் என்றால் பாறை வெறும் ஜல்லி. ஜூலையில் விசாரணை. உன் கட்டுரையைக் காட்டி அந்த வக்கீல், "மேடம், உங்க செடியே இல்லைன்னு உங்க ஆளே எழுதியிருக்காங்களே" என்று சிரிக்கிறார்.

பூவின் பின்னால் தேன் வைத்திருக்கிற வாலைப் பார்த்தாயா இல்லையா? நீள்வாலுக்கு வால் ஊசிபோல நீளம், பட்டாம்பூச்சி வந்து குடிக்கும். கொக்கிவாலுக்கு வால் குட்டை, கொக்கிபோல வளைந்திருக்கும், தேனீ உள்ளே புகுந்துதான் எடுக்க வேண்டும். அடிவாரத்தில் இரண்டும் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கின்றன. ஆனாலும் நடுவாந்தரமாக ஒரு பூவைக் கண்டதில்லை. ஒன்றாக இருந்தால் இத்தனை வருஷத்தில் கலந்திருக்காதா?

பதில் எழுது. சப்பைக்கட்டு வேண்டாம்.

உன் அண்ணன் மனைவி


மார்ச் 19

மதிப்பிற்குரிய உலர்தாவரகப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

நீங்கள் 'என் வீட்டுக்காரரின் தங்கை' என்று எழுதினால் நானும் பதவியைத்தான் எழுத வேண்டும்.

கட்டுரையை நான் குவாரிக்காரனுக்காக எழுதவில்லை. அவன் எங்கிருந்தோ எடுத்திருக்கிறான். அச்சில் வந்ததை யாரும் எடுக்கலாம். அதற்கு நான் என்ன செய்ய?

இந்தப் பால்சப் பேரினத்தின் நிலைமை உங்களைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்? ஆயிரத்துக்கு மேல் இனங்கள். கண்டத்துக்குக் கண்டம் பரவிக் கிடக்கிறது. பூவோ நனைந்த டிஷ்யூ பேப்பர் மாதிரி. அழுத்திக் காயவைத்தால் இதழ் எது, வால் எது என்று தெரியாமல் காகிதத்தில் கறையாக ஒட்டிக்கொள்ளும். அந்தக் கறைகளைப் பார்த்துத்தான் பழைய ஆட்கள் ஆளுக்கொரு பெயர் வைத்துவிட்டுப் போனார்கள். ஒரே செடிக்கு ஐந்து பெயர், ஐந்து செடிக்கு ஒரே பெயர். யாராவது ஒருவர் உட்கார்ந்து இந்தச் சிக்கலை எடுக்க வேண்டாமா? எடுத்தேன். நாற்பத்து மூன்று பெயர்களை வேறு இனங்களோடு சேர்த்தேன். அதில் ஒன்று உங்கள் கொக்கிவால். மற்ற நாற்பத்து இரண்டு பெயரை வைத்தவர்களும் மனிதர்கள்தான். அவர்கள் யாரும் எனக்கு இப்படி எழுதவில்லை. பாதிப் பேர் உயிரோடு இல்லை என்பது வேறு விஷயம்.

உங்கள் செடி என்பதால் ஒரு சலுகை, அண்ணன் மனைவி என்பதால் ஒரு சலுகை என்று நான் கொடுக்க ஆரம்பித்தால், அதற்குப் பெயர் ஆராய்ச்சியா?

இன்னொன்று. இந்த வேலையை நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் தொடங்கினோம். "சேர்க்கிற கட்டுரைல என் பேரைப் போடாதே" என்று எழுந்து போனது நீங்கள். அதற்குப் பிறகு காய்ந்த இலை கேட்டு இரண்டு முறை எழுதினேன். நீங்கள் அனுப்பவில்லை. என்னிடம் இருந்ததை வைத்துத்தான் செய்தேன். இப்போது குதிப்பதில் என்ன நியாயம்?

இப்படிக்கு,
ஆய்வாளர்


மார்ச் 26

ஆய்வாளர் அம்மாவுக்கு,

நியாயத்தைப் பிறகு பேசுவோம். இரண்டு கேள்வி. எந்த மரபணுவைப் பார்த்தாய்? எந்த மாதிரியிலிருந்து எடுத்தாய்? கட்டுரையின் கடைசியில் பொடி எழுத்தில் ஏதோ போட்டிருக்கிறாய். கிளார்க் நகல் எடுத்துக் கொடுத்ததில் அது கரியாக வந்திருக்கிறது.

அண்ணன் மனைவி

பி.கு. என்னைப் பொறுப்பாளர் என்று எழுதியதைப் படித்து உன் அண்ணன் சிரித்தார். இரண்டு நாளாக அவருக்குச் சாப்பாடு தவிர வேறு எதுவும் பரிமாறப்படவில்லை.


ஏப்ரல் 6

பொறுப்பாளர் அவர்களுக்கு,

மாதிரி, உங்கள் உலர்தாவரகத்தில் நீங்களே அழுத்தி ஒட்டிய ஷீட். பழைய இரவல் கணக்கில் இங்கே இருந்தது. மரபணு, இலையின் பச்சைத் துகள்களில், அதாவது பசுங்கணிகத்தில் இருப்பது. செல்லின் கருவில் உள்ளதையும் எடுக்கப் பார்த்தேன். வரவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்பீர்கள், நானே சொல்லிவிடுகிறேன். ஸ்பிரிட்.

உங்கள் பழக்கம் உலகத்துக்கே தெரியும். செடியைப் பிடுங்கியதும் ஸ்பிரிட்டில் முக்கி எடுத்துத்தான் அழுத்திக் காயவைக்கிற பிரஸ்ஸில் வைப்பீர்கள். பூ அழுகாது, வால் வளைவு அப்படியே நிற்கும், படம் வரைய அழகாக இருக்கும். உள்ளே இருக்கிற மரபணு துண்டு துண்டாகப் போய்விடும். ஒரு செல்லில் நூற்றுக்கணக்கில் இருப்பதால் பசுங்கணிகத்தில் மட்டும் ஏதோ மிஞ்சியது. அந்த மிச்சத்தைப் படித்தேன். அதில் கொக்கிவாலும் நீள்வாலும் எழுத்துக்கு எழுத்து ஒன்று.

உங்கள் ஷீட்டைக் கெடுத்தது நீங்கள். பழி எனக்கு.

ஆய்வாளர்


ஏப்ரல் 14

நாத்தனாரே,

கெடுத்தேனா? மழையில், அட்டை கடிக்கக் கடிக்க, பிரஸ்ஸைத் தலையில் சுமந்துகொண்டு இறங்குகிறவள் நான். ஸ்பிரிட் இல்லாமல் வைத்தால் அறைக்கு வந்து சேர்வதற்குள் பூ கூழாகிவிடும். கூழைப் பார்த்துப் பெயர் வைத்தவர்களைத்தான் நீயே உன் முதல் கடிதத்தில் திட்டியிருக்கிறாய். நான் ஸ்பிரிட்டில் முக்கியதால்தான் அந்தக் கொக்கி இன்றைக்கும் கொக்கியாக நிற்கிறது. அதை எடுத்துப் பார்க்கக்கூடக் கண் இல்லாமல், இலையில் ஒரு மூலையைக் கிள்ளி மெஷினில் போட்டிருக்கிறாய்.

அதிலும் பசுங்கணிகம். அது பெரும்பாலும் தாய்வழியாக மட்டும் வருவது என்று எனக்குப் பாடம் எடுத்ததே நீதானே? எந்தக் காலத்திலோ ஒரு தடவை பக்கத்துச் செடியோடு கலந்து அதன் பசுங்கணிகத்தை வாங்கிக்கொண்டிருந்தால் போதும், மற்றதெல்லாம் வேறாக இருந்தாலும் அந்தத் துண்டு ஒன்றாகத்தான் காட்டும். நீயும் உன் அண்ணனும்கூடத் தாய்வழியில் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். அதற்காக உன்னிடம் பல் பிடுங்கிக்கொள்ள யாராவது வருவார்களா?

இது உனக்குத் தெரியாது என்று நான் நம்பத் தயாராக இல்லை. தெரிந்தும் எழுதியிருக்கிறாய். நாற்பத்து இரண்டைச் சேர்த்த வேகத்தில் நாற்பத்து மூன்றாவதையும் ஒரே போடாகப் போட்டுவிட்டாய். அதுதான் எனக்கு ஆறவில்லை.

இலை கேட்டாய் அல்லவா, இந்தா. இருபத்து நான்கு பொட்டலம், சிலிக்கா ஜெல்லில் காயவைத்தது, ஸ்பிரிட் வாசனைகூடப் படவில்லை. எல்லாம் அடிவாரத்தில் இரண்டும் கலந்து நிற்கிற இடத்தில் எடுத்தவை. பொட்டலத்தின் மேல் எண் மட்டும்தான் போட்டிருக்கிறேன். எது கொக்கி, எது நீளம் என்று எனக்குத் தெரியும், உனக்குச் சொல்லமாட்டேன். கருவில் உள்ள மரபணுவைப் படி. எல்லாம் ஒன்று என்றால் ஒன்றாகவே நிற்கட்டும், நான் வாயை மூடிக்கொள்கிறேன். பிரிந்தால் எந்த எண் எந்தப் பக்கம் என்று எனக்கு எழுது.

அண்ணி


ஜூன் 3

அண்ணி,

பிரிகிறது.

மூன்று தடவை செய்தேன். இரண்டு தடவை நான், ஒரு தடவை என்ன பொட்டலம் என்றே தெரியாத இன்னொரு பெண். இருபத்து நான்கும் இரண்டு கூட்டமாக விழுகின்றன. ஒரு பக்கம் 1, 2, 5, 8, 9, 12, 13, 16, 20, 21, 24. மற்றதெல்லாம் மறு பக்கம். நடுவில் ஒன்றுமே இல்லை. உங்கள் கணக்கோடு ஒத்துப் பாருங்கள்.

நான் பாடமாகச் சொன்ன விஷயத்தை நீங்கள் திருப்பி என் முகத்தில் எறிந்த பிறகு ஒரு வாரம் உங்கள் கடிதத்தை மறுபடி திறக்கவே இல்லை. பொட்டலங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

எங்கள் ஆய்வு நிறுவன இயக்குநரிடம் காட்டினேன். "நல்லா இருக்கு, ஆனா அவசரப்பட வேண்டாம்" என்றார். அவர் சொல்வதிலும் அர்த்தம் இருக்கிறது. கொக்கிவாலில் பசுங்கணிகம் ஏமாற்றியிருந்தால், மற்ற நாற்பத்து இரண்டில் எத்தனையில் ஏமாற்றியதோ? பாதிக்கு மேல் அந்தத் துண்டை வைத்து மட்டுமே சேர்த்தவை. ஒரு நூலை இழுத்தால் மொத்தமும் பிரியும். பத்திரிகைக்குத் திருத்தம் அனுப்பினால் அச்சேற வருஷக் கடைசி ஆகும். அதுவரை பொறுங்கள். முறைப்படி செய்வோம்.

நீங்கள் கோபப்படுவீர்கள் என்று தெரியும்.


ஜூன் 9

அடியே,

கோபப்படுவேன் என்று தெரிந்தே எழுதினால் கோபம் குறைந்துவிடுமா?

முதலில் கணக்கு. உன் இரண்டு கூட்டமும் என் வால் கணக்கும் ஒன்று, பதினேழைத் தவிர. அதை நான் கொக்கி என்று வைத்திருந்தேன், உன் மெஷின் நீளத்தில் போட்டிருக்கிறது. குதிக்காதே. அந்தப் பூவின் வாலைப் புழு பாதி தின்றிருந்தது, மிச்சம் வளைந்தாற்போலத் தெரிந்தது.

இப்போது மற்றது. வருஷக் கடைசியா? விசாரணை ஜூலை பதினான்கு. வருஷக் கடைசியில் அந்தச் சரிவு எங்கேயோ ஒரு ரோட்டுக்கு அடியில் ஜல்லியாகக் கிடக்கும். அதன்மேல் வண்டியில் போய்க்கொண்டே நீ திருத்தத்தைப் படித்துக் காட்டு. சேர்க்கும்போது இல்லாத நிதானம் பிரிக்கும்போது மட்டும் எங்கிருந்து வருகிறது உனக்கும் உன் இயக்குநருக்கும்? தப்பு என்று தெரிந்த பிறகும் அந்த வரி வக்கீலின் ஃபைலில் உன் பெயரோடு இருக்கிறது. ஒவ்வொரு நாளும் அது உன் சார்பில் பேசிக்கொண்டிருக்கிறது.

எனக்குப் பத்திரிகை வேண்டாம். குழுத் தலைவருக்கு, உன் கையெழுத்தில், ஒரு கடிதம் வேண்டும். "கொக்கிவாலை நீள்வாலோடு சேர்த்தது தவறு, திரும்பப் பெறுகிறேன்." அவ்வளவுதான். உன் நாற்காலி ஆடும், தெரியும். அங்கே பாறையே ஆடப்போகிறது.

அண்ணி


ஜூன் 27

அண்ணி,

தலைவருக்கு எழுதிய கடிதத்தின் நகல் இத்துடன் இருக்கிறது. கொக்கிவாலை மட்டும் இல்லை, கட்டுரையையே திரும்பப் பெற்றுவிட்டேன். பசுங்கணிகத்தை மட்டும் நம்பிச் சேர்த்ததில் ஒன்று பொய் என்று தெரிந்த பிறகு, மற்றது மட்டும் நிஜம் என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வேன்?

இயக்குநர் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. "பேரின வேலையை வேற யாராவது பார்த்துக்கட்டும், நீங்க கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க" என்றார். பதினோரு வருஷ வேலை, அண்ணி. என் மேஜையிலிருந்து செடி ஷீட்டுகளைத் தட்டுத் தட்டாக எடுத்துக்கொண்டு போனார்கள். கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

நீங்கள் கேட்டது கிடைத்துவிட்டது. "இலை அனுப்பு" என்று இரண்டு முறை கேட்டேனே, அப்போது அனுப்பியிருந்தால் இந்தக் கட்டுரையே இப்படி வந்திருக்காது. உங்கள் வீம்புக்கு நான் விலை கொடுத்திருக்கிறேன். சரிவைக் காப்பாற்றுகிறவர் என்று உங்களை எல்லாரும் புகழ்வார்கள். புகழட்டும். நீங்கள் ஒரு சுயநலக்காரி. இதை அண்ணனிடம் காட்டுங்கள், காட்டாமல் போங்கள், எனக்குக் கவலை இல்லை.


ஜூலை 16

தங்கமே,

உன் கடைசி வார்த்தையைப் படித்துவிட்டு உனக்கு எட்டுப் பக்கம் திட்டி எழுதி வைத்திருந்தேன். அனுப்ப நேரம் வரவில்லை. அதற்குள் விசாரணை வந்துவிட்டது. தோற்றுவிட்டோம்.

எப்படி என்று கேள். உன் கடிதத்தைத் தலைவர் சத்தமாகப் படித்தார். முகத்தில் ஒரு மாற்றம் தெரிந்தது. ஜெயித்தோம் என்றே நினைத்தேன். அப்போது அந்த வக்கீல் எழுந்தார், அலுங்காமல் நலுங்காமல்.

"ஐயா, பிப்ரவரியில ஒரே செடின்னு எழுதினாங்க. ஜூன்ல ரெண்டுன்னு எழுதறாங்க. டிசம்பர்ல மூணுன்னு சொல்வாங்களோ என்னவோ. அது போகட்டும். இப்படி மாத்தி எழுதினவங்க யார்னு குழுவுக்குத் தெரியுமா? இதோ உக்காந்திருக்காங்களே, இவங்களோட சொந்த நாத்தனார்."

அறையில் எல்லாரும் சிரித்தார்கள். கிளார்க்கூட.

"வீட்டுல உக்காந்து பேசி வெச்சுக்கிட்டு வந்திருக்காங்க" என்றார் வக்கீல். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உறவு இருக்கிறதை முன்னாடியே சொல்லியிருக்கணும் மேடம்" என்றார். "நாங்க ரெண்டு பேரும் ஒன்றரை வருஷமா முகம் கொடுத்துப் பேசறதில்லைங்க" என்று எழுந்து கத்தினேன். அதற்கும் சிரித்தார்கள். உன் கடிதத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. நீ திரும்பப் பெற்றதையும் ஒரு சொந்தக்காரியின் உதவியாக எழுதிவிட்டார்கள். அனுமதி கொடுத்தாகிவிட்டது.

ஒரு செடிக்காக நீயும் நானும் பேச்சை விட்டோம், உன் அண்ணன் ஒன்றரை வருஷமாகத் தொண்டையில் முள் சிக்கினவர் மாதிரி உட்கார்ந்திருக்கிறார், நீ வேலையைத் தொலைத்தாய். இதற்குப் பெயர் பேசி வைத்துக்கொண்டதாம். நேர்மையாகச் சண்டை போட்டவர்களுக்கு இந்த உலகத்தில் கிடைக்கிற மரியாதை இவ்வளவுதானா?

மேல்முறையீட்டுக்கு ஒரு மாதம் இருக்கிறது. அதுவரை பாறையைத் தொட முடியாது. நாம் பேசி வைத்துக்கொள்ளவில்லை என்று காட்ட ஒரே ஒரு வழிதான் எனக்குத் தெரிகிறது. இந்தக் கடிதங்கள். தபால் முத்திரையோடு, உன்னுடையதும் என்னுடையதும், ஒரு வரி விடாமல். எண் மட்டும் போட்டு நான் இலை அனுப்பியதும், எதுவென்று தெரியாமலே நீ பிரித்ததும் இவற்றில்தான் இருக்கிறது. பேசி வைத்துக்கொண்டவர்களாக இருந்தால் பதினேழிலும் நான் சரியாகச் சொல்லியிருப்பேனே.

ஆனால் எல்லாவற்றையும் படிப்பார்கள். நீ குழாயைத் திறந்துவிட்டு அழுததை உன் இயக்குநர் படிப்பார். நான் வீம்பு பிடித்து இலை தராததை என் துறையே படிக்கும். உன் அண்ணன், "குடும்ப விஷயத்தைக் கோர்ட்டுல காயப்போடப் போறீங்களா" என்று கேட்டார். வெகு நாள் கழித்து வாயைத் திறந்து கேட்டது இதைத்தான். உன்னைக் கேட்காமல் நான் ஒன்றும் செய்யமாட்டேன். வேண்டாம் என்றால் வேண்டாம்.

அண்ணி


ஜூலை 24

அண்ணி,

உங்கள் கடிதங்கள் எல்லாவற்றையும் உறைகளோடு சேர்த்துப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். உங்களிடம் இருக்கிற என்னுடையவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எதையும் அடிக்காதீர்கள். சுயநலக்காரி என்று எழுதியதையும்தான்.

அழுததை இயக்குநர் படிக்கட்டும். யார் அழவைத்தது என்றும் அவருக்குத் தெரியட்டும். என் அழுகையை ஒளித்து வைத்து ஒரு சரிவைத் தொலைக்க நான் தயாராக இல்லை. அந்த வக்கீல் எல்லாரையும் நம்மைப் பார்த்துச் சிரிக்கவைத்ததை நினைக்க நினைக்க எனக்கு ரத்தம் கொதிக்கிறது. மேல்முறையீட்டு அன்று நானும் வருகிறேன். உங்கள் பக்கத்தில் உட்காரமாட்டேன்.

ஏனென்றால் நாம் சமாதானமாகிவிட்டதாக நீங்கள் நினைத்துக்கொள்ளக் கூடாது. 'தங்கமே' என்று ஒரு வார்த்தை எழுதினால் எல்லாம் சரியாகிவிடுமா? நீங்கள் இலை தராதது தராததுதான். நான் அவசரப்பட்டுச் சேர்த்தது சேர்த்ததுதான். பதினேழாம் எண்ணில் புழு தின்றது என்ற கதையை நான் நம்பவில்லை, உங்கள் கண் தவறியது, ஒப்புக்கொள்ள உங்களுக்கு மனசு வரவில்லை. எனக்கு இன்னும் உங்கள்மேல் கோபம் இருக்கிறது. எவ்வளவு நாளைக்கு இருக்கும் என்று தெரியாது.

இந்தக் கடிதத்தையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.